செவி கொடுத்தோம்; சொல் கொடுத்தோமா?

கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கும்போது, குறைகளோடு பலர் காத்து நிற்பார்கள். பட்டா கிடைக்கவில்லை என்பார் ஒருவர். பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை என்பார் மற்றொருவர். சென்ற திங்கள் ஓர் ஊரில் நம்மிடம் வந்த விசைத்தறித் தொழிலாளி முதலில் எதுவும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்தார், பிரித்தார். உள்ளே, காதுக்குப் பின்னால் மாட்டும் சிறு கருவி. அதிலிருந்து ஒரு வயர். வயரின் முனையில் பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டு. வயர் நடுவே முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்.

அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுச் சிறுமி. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது — தெருவே திரும்பிப் பார்க்கும் ஓசை. அந்தக் குழந்தை திரும்பவில்லை.

"இது வேலை செஞ்சப்போ அப்பான்னு கூப்பிட்டாளுங்க. மூணு மாசமா கூப்பிடறதில்லீங்க" என்றார்.

அரசின் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு காசு செலவில்லாமல், அந்தக் குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை செய்து வைக்கப்பட்ட கருவி அது. பல இலட்சம் பெறுமானமுள்ளது. இன்றோ ஒரு வயர் இல்லாமல் கைக்குட்டைக்குள் கிடக்கிறது! புது வயருக்கும் வட்டுக்கும் கேட்கிற விலை தம் ஒரு மாதக் கூலியைத் தின்றுவிடும் என்கிறார் அவர். தின்றால் என்ன, வாங்கக் கூடாதா என்று கேட்பவர்கள் கூலியை மட்டுமே நம்பி ஒரு மாதம் வாழ்ந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

நாம் பேசிப் பேசியே வளர்ந்தவர்கள். சந்தைத் திடலிலும் தெருமுனையிலும், ஒற்றை விளக்கின் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, ஏட்டைத் தொட வாய்ப்பில்லாதவனுக்கும் நாட்டு நடப்பைச் சொன்னவர்கள். எழுத்தறியாத் தாய்க்கும் ஏர் பிடித்த உழவனுக்கும் செவியே பள்ளிக்கூடமாக இருந்தது. கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், கேள்விக்கென்று தனியே இன்னோர் அதிகாரம் வைத்தாரே, காரணமின்றியா? ஆகவே, காது கேளாமை எங்கோ மருத்துவமனைக்குள் முடிந்துவிடும் சங்கதி என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை.

இந்தக் கருவி என்ன, இது எப்படி வந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சொன்னால்தான் அந்த ஒற்றை வயர் அறுந்ததால் விளைந்த கேடு எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

காதில் மாட்டுகிற வழக்கமான கேட்புக் கருவி ஓசையைப் பெரிதாக்கித் தரும். அவ்வளவே அதன் வேலை. உட்காதிலே, நத்தை ஓடு போல ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்டு கிடக்கும் ஓர் உறுப்பு இருக்கிறது. காக்ளியா என்பார்கள். அதற்குள்ளே சுமார் பதினையாயிரம் மயிரிழை அணுக்கள் இருந்து, காற்றிலே வரும் அதிர்வை மின் துடிப்பாக்கி நரம்புக்கு அனுப்புகின்றன. அவை பட்டுப் போயிருந்தால்? எவ்வளவுதான் ஓசையைப் பெருக்கினாலும் பயன் இல்லை. இடிந்துபோன பாலத்தின் எதிரே இன்னும் பத்து வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியது போல்தான் ஆகும்.

காக்ளியர் இம்ப்ளான்ட் என்பது அந்த இடிந்த பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகும் புதுப் பாதை. காதுக்குப் பின்னே மாட்டிய கருவி ஓசையை வாங்கிப் பகுத்து, வயர் வழியே வட்டுக்கு அனுப்பும். தோலுக்கு உள்ளே பதித்த காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் வட்டு, தோலைத் துளைக்காமலே செய்தியை உள்ளே அனுப்பும். உள்ளே பதித்த பகுதி, நத்தைச் சுருளுக்குள் நுழைத்த மெல்லிய கம்பியிலுள்ள மின்முனைகள் வழியாகக் கேட்கும் நரம்பைத் தட்டும். சுருளின் வாயிலருகே தட்டினால் கீச்சுக் குரல். உள்ளே போகப் போகக் கனத்த குரல். ஒரு சுருட்டி வைத்த ஆர்மோனியம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! புகழ்பெற்ற ஒரு வகைக் கருவியில் மின்முனைகள் இருபத்திரண்டு. பதினையாயிரம் பேர் பார்த்த வேலையை இருபத்திரண்டு பேர் பார்க்க வேண்டும். ஆகவே, முதல் நாள் கருவியை இயக்கியதும் குழந்தை காதிலே தேன் பாய்ந்துவிடாது. கீறல் விழுந்த இசைத்தட்டைப் போல ஏதோ ஓர் இரைச்சல்தான். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து 'அம்மா'வைப் பிரித்தெடுக்க மூளை கற்றாக வேண்டும். நாளும் பொழுதும், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கற்றாக வேண்டும். இதை மறந்தவர்கள்தான் அறுவை முடிந்த அன்றே எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணி விளம்பரம் செய்கிறார்கள்.

இத்தாலிய நாட்டு வோல்ட்டா, தாம் கண்டுபிடித்த மின்கலத்தின் இரு முனைகளைத் தம் காதுகளுக்குள்ளேயே செருகிப் பார்த்தார். தலைக்குள் அதிர்ச்சியும், கூழ் கொதிப்பது போன்ற ஓசையும் உணர்ந்ததாக 1800இல் எழுதி வைத்தார். பிறகு ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. 1957இல் பாரிஸ் நகரில் ஆந்த்ரே ஜூர்னோ என்ற அறிஞரும் ஷார்ல் எரியேஸ் என்ற மருத்துவரும் செவித்திறன் அடியோடு இழந்த ஒருவரின் கேட்கும் நரம்பருகே மின்சுருளை வைத்தனர். அவர் ஓசையை உணர்ந்தார்! கருவியோ சில வாரங்களில் பழுதாயிற்று. மறுபடி வைத்தார்கள், மறுபடியும் பழுது. முதல் கருவியே பழுதிலேதான் முடிந்தது என்பதைப் படிக்கும்போது நமக்கு அந்தக் கைக்குட்டைதான் நினைவுக்கு வந்தது. 1961இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வில்லியம் ஹவுஸ் முயன்றார். 1977இல் வியன்னாவில் ஹோக்மேயர் இணையர் வடிவமைத்த கருவி பொருத்தப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க் கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்லத் தோன்றுகிறது. அவருடைய தந்தை மருந்துக்கடைக்காரர், காது மந்தம். கடைக்கு வருகிறவர்கள் தங்கள் நோயை, ஊரே கேட்கக் கூவிச் சொல்லவேண்டிய நிலை. அதைக் கண்டு கண்டு வளர்ந்த பிள்ளை, காதைச் சரிசெய்யும் மருத்துவனாவேன் என்றான்; ஆனான். நத்தைச் சுருளுக்குள் கம்பியைக் காயம் படாமல் எப்படி நுழைப்பது என்று திகைத்திருந்த காலத்தில், கடற்கரையிலே ஒரு சங்கையும் புல்லையும் எடுத்து நுழைத்துப் பார்த்தார். நுனி மென்மையாகவும் அடி விறைப்பாகவும் இருக்கும் புல் வளைந்து வளைந்து உள்ளே போயிற்று. வழி கிடைத்தது! 1978ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், மெல்போர்ன் மருத்துவமனையில், விபத்தில் செவியிழந்த ராட் சாண்டர்ஸ் என்பவருக்கு அவர் அந்தக் கருவியைப் பொருத்தினார். ஒரே ஒரு மின்முனைக்குப் பதில் பல முனைகள் கொண்ட அந்தக் கருவி பின்னர் உலகெங்கும் பரவியது.

நாம் சொல்ல வந்தது இதுதான்: அந்த ஆராய்ச்சிக்குத் தொடக்கத்தில் பணம் தந்தவர்கள் பொதுமக்கள். தொலைக்காட்சியில் வேண்டுகோள் விடுத்துத் திரட்டிய பணம் அது. பின்னர் ஆஸ்திரேலிய அரசின் நிதி வந்தது. ஊரார் பணத்தில் முளைவிட்ட விதை அது. இன்று உலகச் சந்தையிலே விற்பவை விரல் விட்டு எண்ணத்தக்க கம்பெனிகள். 2019 முடிவில் உலகில் பொருத்தப்பட்ட கருவிகள் 7,36,900 என்று அமெரிக்க அரசின் ஆய்வு நிலையம் கணக்குச் சொல்கிறது. இந்தியாவில் பொருத்தப்படுவன பெரும்பாலும் கப்பலேறி வந்தவையே. ஒரு கம்பெனியின் உட்கருவியைத் தலைக்குள் வைத்துவிட்டால், வெளிக்கருவியும் வயரும் வட்டும் அந்தக் கம்பெனியிடமே வாங்கவேண்டும். வேறொன்று பொருந்தாது. அந்த மாதிரிக் கருவியை இனிச் செய்யமாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டால், புது மாதிரிக்கு மாறவேண்டும். அதற்கும் இலட்சங்கள் வேண்டும். செருப்பு வாங்கினால் அடுத்த சோடியை வேறு கடையில் வாங்கலாம். செவியை வாங்கியவன் வாழ்நாள் முழுவதும் ஒரே கடைக்கு அடிமை!

தமிழ்நாட்டு அரசு செய்திருப்பதைக் குறைத்து மதிப்பவர்கள் அல்லர் நாம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அதன் பட்டியலிலே காக்ளியர் இம்ப்ளான்டும் இடம் பெற்றது. ஆறு வயதுக்குட்பட்ட ஏழைப் பிள்ளைகள் பயன் பெற்றார்கள். வசதி படைத்தவனின் மாளிகைக்கு மட்டும் உரிய அற்புதம் குடிசைக்குள்ளும் நுழைந்தது. அண்டையிலுள்ள கேரளம் 2012இல் சுருதிதரங்கம் என்று ஒரு திட்டம் தொடங்கியது. டில்லி அரசு 2014இல் திருத்திய உதவிக் கருவித் திட்டத்தில், ஒரு கருவிக்கு 6 இலட்சம் ரூபாய் வரை, ஆண்டுக்கு 500 குழந்தைகளுக்கு என்று வரையறுத்தது. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் நாட்டிலே ஐந்நூறு! அந்த ஐந்நூறோடு ஒப்பிட்டால் மாநிலங்கள் செய்தது மலை.

மலையிலும் பள்ளம் உண்டு.

முதற் பள்ளம், காலம். பிறவியிலே கேளாத குழந்தையின் மூளை, ஓசைக்காக ஒதுக்கிய இடத்தை நெடுநாள் காலியாக வைத்துக் காத்திராது. மூன்று, மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்தினால் பேச்சு மலர நல்ல வாய்ப்பு. ஏழு வயதைத் தாண்டினால் வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடும் என்கிறது ஆராய்ச்சி. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்கிறாள் பாட்டி. "மூன்று வயது வரை பொறு" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நாக்கிலே வேல் போட்டால் பேசும் என்று சொல்லும் அறிவாளிகளும் இல்லாமலில்லை. வேல் நாக்கிலே ஏறுகிறது. வயது தலையிலே ஏறுகிறது!

குழந்தை உறங்கும்போதே காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி என்பது உலகம் ஒப்பிய கணக்கு. தமிழ்நாட்டிலே 99 சதவிகிதத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நாம் பெருமைப்படும் கணக்கு அது. பிறக்கும் குழந்தை அத்தனையும் மருத்துவமனைக் கட்டிலிலேயே கிடக்கும்போது, காதைச் சோதிக்காமல் வீட்டுக்கு அனுப்ப என்ன சாக்குச் சொல்ல முடியும்? தடுப்பூசி அட்டையிலே ஒரு கட்டம் போட்டு, 'காது பார்க்கப்பட்டது' என்று எழுதாமல் எந்தத் தாயையும் வெளியே விடக் கூடாது. தனியார் மருத்துவமனைக்கும் இதே விதி.

இங்கே இன்னொன்றையும், சிலருக்குக் கசந்தாலும், சொல்லியாக வேண்டும். ஊமைப் பிள்ளை பிறந்தால் முற்பிறப்பின் வினை என்று தாயின் தலையிலே பழி போடுகிற வழக்கம் இன்னும் சாகவில்லை. வினையல்ல ஐயா; பல வீடுகளில் அது உறவு விட்டுப் போகக் கூடாது என்று செய்த மணம்! காதுக்குக் கேடான மரபுக் கூறு ஒருவரிடம் ஒளிந்திருந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது, நன்றாகவே கேட்கும். ஒரே பாட்டனிடமிருந்து அதே கூற்றைப் பெற்ற இருவர் மணந்தால், பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து இறங்கும் வாய்ப்பு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒன்று. மாமன் மகளை மணப்பதும், அக்காள் மகளை மணப்பதும் நமக்குப் பழக்கம். தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் இரத்த உறவில் நடப்பவை என்று அதே குடும்பநல ஆய்வு கூறுகிறது. சொத்து வெளியே போகாமலிருக்கச் செய்த ஏற்பாட்டுக்குச் சொல் இழந்த பிள்ளை விலை கொடுக்கிறது. நம் பழக்கம் என்பதற்காக இதை நாமே மூடி மறைத்தால், பகுத்தறிவு பேசும் யோக்கியதை நமக்கு ஏது? கர்ப்ப காலத்தில் ருபெல்லா என்னும் மணல்வாரி போன்ற நோய் தாக்கினாலும் சிசுவின் செவி கெடும். அதற்குத் தடுப்பூசி 2017இல் இங்கே பெருமளவில் போடப்பட்டபோது கிளம்பிய வதந்திகளை நாடு மறந்திருக்காது.

இரண்டாம் பள்ளம், அறுவைக்குப் பின்னால் வரும் ஆண்டுகள். தாயோடு அமர்ந்து குழந்தைக்குக் கேட்கக் கற்பிக்கும் பயிற்சியாளர்கள் பெருநகரங்களிலே இருக்கிறார்கள். தறி ஓட்டுகிறவனும் கரும்பு வெட்டுகிறவனும் வாரத்தில் இரு நாள் கூலியை விட்டுப் பேருந்தேறி நகரத்துக்குப் போய் வருவதென்றால் எத்தனை வாரம் போவான்? ஆறு வாரம் போவான். ஏழாவது வாரம் அரிசியா, பயிற்சியா என்ற கேள்வி வரும். அரிசிதான் வெல்லும். நம் ஊர் வியர்வையும் ஈரக்காற்றும் வேறு இந்தக் கருவிக்குப் பகை. இரவிலே ஈரம் உறிஞ்சும் டப்பியில் வைத்துக் காக்க வேண்டும். பேட்டரி தீரும், வயர் முறியும், வட்டு கெடும். உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாளிலிருந்து இவை யாவும் யார் தலையில்? கேரளத்திலும் இதே கூக்குரல் எழுந்ததை நாளேடுகளில் கண்டோம். இலட்சங்களைக் கொட்டிய அரசு, ஆயிரங்களுக்குக் கை விரித்தால், கொட்டிய இலட்சமும் வீண்தானே? யானையை வாங்கிக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்கு இல்லை என்பது எந்த ஊர்க் கணக்கு?

கருவியை வேண்டாமென்போரும் உலகில் இருக்கிறார்கள். கைகளாலே பேசி, கண்களாலே கேட்டு வாழும் மக்கள் அவர்கள். தங்களைக் குறையுற்றவர்களாக அவர்கள் எண்ணவில்லை. அமெரிக்காவில் 1990இல் குழந்தைகளுக்கு இந்தக் கருவி அனுமதிக்கப்பட்டபோது, காதுகேளாதோரின் தேசியச் சங்கமே கடுமையாக எதிர்த்தது. ஏன் அந்தக் கோபம்? 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர்கள் மாநாடு கூடி, பள்ளிகளில் சைகை மொழியை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. வந்திருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் காதுகேளாதவர் ஒரே ஒருவர்! ஒரு மக்களின் மொழியை, அந்த மொழி பேசாதவர்கள் கூடி விலக்கினார்கள். மொழித் திணிப்பு என்றால் என்னவென்று நமக்கா விளக்க வேண்டும்? 2010இல் வான்கூவர் மாநாட்டிலேதான் அதற்கு வருத்தம் தெரிவித்தார்கள் — நூற்று முப்பது ஆண்டு கழித்து!

ஆகவே கருவி வேண்டும் என்று கேட்கும் நாமே, சைகையும் வேண்டும் என்கிறோம். கருவி பயன் தராத குழந்தை உண்டு. வயது கடந்த குழந்தை உண்டு. வயர் முறிந்து மூன்று மாதம் மௌனத்தில் கிடக்கும் குழந்தையும் உண்டு. கையிலே ஒரு மொழி இருந்திருந்தால் அந்தச் சிறுமி அந்த மூன்று மாதமும் தன் தந்தையோடு பேசியிருப்பாள். சைகை கற்றால் வாய் பேசாது என்று பெற்றோரை மிரட்டுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

கோட்டையிலே யார் அமர்ந்திருந்தாலும் அவர்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல. நூற்றுக்கணக்கில் கருவி வாங்கும் அரசு, கம்பெனிக்குப் பெரிய வாடிக்கையாளர். ஒருவன் ஒரு கருவி வாங்கினால் கம்பெனி சொன்னதே விலை. அரசு நூறு வாங்கினால் அரசு சொல்வதற்கும் கம்பெனி காது கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தத்திலேயே எழுது: பத்தாண்டு உதிரி உறுப்புக்கு இந்த விலை, இன்ன நாளுக்குள் பழுது நீக்கம், மாதிரி மாறினால் பழைய கருவிக்குப் பதில் புதுக் கருவி இன்ன விலைக்கு. மாவட்டத்துக்கு ஒன்றாக, 2013இல் வந்த தேசியக் குழந்தைநலத் திட்டத்தின் கீழ் இளங்குழந்தை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கே வயரும் வட்டும் பேட்டரியும் இருப்பில் வைக்கட்டும். பழுதான கருவிக்குப் பதில் இரவல் கருவி கொடுக்கட்டும். பயிற்சியாளரை அங்கே அமர்த்தட்டும். பயிற்சிக்கு வரும் தாய்க்கு இழந்த கூலியும் பேருந்துக் கட்டணமும் கையிலே கொடுக்கட்டும். அறுவைக்கு ஒதுக்கும் தொகையின் அருகே வைத்தால் இது சிறு தொகை.

அந்தத் தொழிலாளியின் கைபேசி எண்ணை வாங்கி வைத்திருந்தோம். இதை அச்சுக்கு அனுப்புமுன் அழைத்தோம். அதே கருவி பொருத்திய வேறொரு பிள்ளையின் பெற்றோர், தங்களிடம் மிஞ்சிய பழைய வட்டு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்களாம். வயர் இன்னும் கிடைக்கவில்லை என்றார்.